இடது கையா, வலது கையா? வாசுகிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வாசுகி,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் போடவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. என் மாணவி ஒருத்தி ஆய்வேட்டை முடிக்கும் நேரம் இது. அவள் எழுதிய அத்தியாயங்களைத் திருத்துவதிலேயே மாலைப்பொழுதெல்லாம் போய்விட்டது. உன் மகளுக்கு அவள் கேட்ட துறையிலேயே இடம் கிடைத்தது ரொம்ப சந்தோஷம். வேதியியல் பக்கம் வராமல் தப்பித்துவிட்டாள் என்று நீ எழுதியிருந்ததை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை.

நீ கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். சில மூலக்கூறுகள் நம் இரண்டு கைகளைப் போல ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இரண்டு வடிவங்களில் வரும், இந்தக் கைத்தன்மையைத்தான் இடது கை, வலது கை என்கிறோம். கண்ணும் கிடையாது, கையும் கிடையாது, அப்படியிருக்க ஒரு மூலக்கூறு இன்னொன்றை இது இடது, இது வலது என்று எப்படிக் கண்டுகொள்கிறது என்று உன் வகுப்புப் பையன் கேட்டானாம். பாடப்புத்தக பதிலைச் சொன்னேன், அவன் முகம் தெளியவில்லை என்று எழுதியிருந்தாய். தெளியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. அந்த பதில் பாதி வழிதான் கூட்டிக்கொண்டு போகும்.

பாதி வழி உனக்குத் தெரியும். நொதியும் அதில் பொருந்தும் மூலக்கூறும் பூட்டும் சாவியும் போல என்று 1894-இல் எமில் ஃபிஷர் சொன்னார். 1933-இல் ஈசனும் ஸ்டெட்மனும் மூன்று புள்ளிகள் வேண்டும் என்றார்கள். ஒரு கார்பனைச் சுற்றி நான்கு வெவ்வேறு தொகுதிகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றை ஏற்பி, அதாவது அதைப் பிடிக்கும் மூலக்கூறு, ஒரே நேரத்தில் தொட்டால்தான் கண்ணாடி பிம்பத்திலிருந்து அசலைப் பிரிக்க முடியும், இரண்டைத் தொட்டால் போதாது. சரிதான். ஆனால் இதைக் கேட்கும் பையன் மனதில், சரியான கை கச்சிதமாக உள்ளே போய் உட்காரும், தவறான கை வெளியே நின்றுவிடும் என்ற படம் வந்துவிடுகிறது. நிஜத்தில் தவறான கையும் உள்ளே போகிறது, பெரும்பாலும் கிட்டத்தட்ட அதே வசதியோடு. இறுக்கமாகப் பிடிப்பது ஒரு வேலை, இனம் பிரித்துப் பிடிப்பது வேறு வேலை. வேறொரு மூலக்கூறை விருந்தாளி போல உள்ளே வாங்கிக்கொள்ளும் கூண்டு மூலக்கூறுகளோடு இத்தனை வருடம் மல்லுக்கட்டியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்.

கணக்கைப் பார். அறை வெப்பநிலையில் ஒரு கூண்டு வலது கை விருந்தாளியை இடதைவிட இரண்டு மடங்கு விரும்புகிறது என்றால், இரண்டுக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசம் மோலுக்கு வெறும் 1.7 கிலோஜூல். பத்து மடங்கு என்றால் 5.7. நூறு மடங்கு விரும்பினால்கூட 11.4-தான். அந்த வெப்பநிலையில் மூலக்கூறுகளின் சாதாரண ஆட்டபாட்டத்தின் அளவுகோலே சுமார் 2.5 கிலோஜூல். தண்ணீரில் இரண்டு மூலக்கூறுகளுக்கு நடுவே உள்ள ஒற்றை ஹைட்ரஜன் பிணைப்பு ஏறத்தாழ 20. அதாவது இரண்டு மடங்கு விருப்பம் என்றால், ஒரு ஹைட்ரஜன் பிணைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இடது, வலது என்ற தீர்ப்பையே சொல்கிறது! அதனால்தான் கணினியில் வரைந்து பார்த்து, இந்தக் கூண்டு நிச்சயம் பிரித்துவிடும் என்று சவால் விடும் மாணவர்களிடம் நான் பந்தயம் கட்டுவதே இல்லை.

முதன்முதலில் இதைத் திட்டமிட்டுச் செய்து காட்டியவர்களில் டொனால்ட் க்ராம் முக்கியமானவர். பெடர்சன் 1967-இல் கிரௌன் ஈதர்களை வெளியிட்டார். உலோக அயனியைச் சுற்றி மாலை போல ஆக்ஸிஜன்கள். ஜான்-மாரி லென் அதை முப்பரிமாணக் கூண்டாக்கினார். க்ராம் அந்த வளையத்துக்குச் சுவர் வைத்தார். பைநாஃப்தைல் என்ற இரட்டைத் தகடு, ஒன்றுக்கொன்று முறுக்கி நிற்பது, அதனால் அதற்குக் கைத்தன்மை உண்டு. அமினோ அமில எஸ்டரின் அம்மோனியம் முனை மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் வளையத்தில் மாட்டிக்கொள்கிறது. அப்புறம் அந்தக் கார்பனில் மிச்சம் இருக்கும் மூன்றும், அதாவது ஹைட்ரஜன், எஸ்டர், பக்கச் சங்கிலி ஆகியவை, நாஃப்தலீன் சுவர்கள் பிரித்து வைத்திருக்கும் அறைகளில் தங்களுக்கு இடம் தேடவேண்டும். ஒரு கைக்கு, பெரிய தொகுதிக்குப் பெரிய அறையும் சிறியதற்குச் சிறிய அறையும் அமைகின்றன. மறு கைக்கு ஏதோ ஒன்று சுவரில் இடிக்கிறது. மூன்று புள்ளி என்றால் மூன்றுமே ஈர்ப்பாக இருக்கவேண்டும் என்பதில்லை, இடிப்பதும் ஒரு புள்ளிதான். உன் பையனுக்கு முதலில் இதைச் சொல்லிப் பார்.

1979-இல் க்ராம் குழு இதை வைத்து ஒரு இயந்திரமே செய்தது. டபிள்யூ வடிவக் குழாய். நடுவில் தண்ணீர், அதில் இடதும் வலதும் சமமாகக் கலந்த சுழிமாய்க் கலவை. கீழே இரண்டு வளைவுகளிலும் குளோரோஃபார்ம், ஒன்றில் வலது கைக் கூண்டு, மற்றதில் அதன் கண்ணாடி பிம்பம். இரண்டு ஓரங்களிலும் மறுபடியும் தண்ணீர். நடுவிலிருந்து புறப்பட்ட மூலக்கூறுகள் கூண்டில் ஏறி, ஒரு ஓரத்தில் ஒரு கையும் மறு ஓரத்தில் மறு கையும் அதிகமாகச் சேர்ந்தன. 1987-இல் பெடர்சன், லென், க்ராம் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கென்னவோ அந்தக் கண்ணாடிக் குழாய்தான் பரிசுக்கு உரிய பொருளாகத் தோன்றும்.

சரி, இறுக்கத்துக்கு வருவோம். சுகாமடெக்ஸ் என்ற மருந்தைப் பற்றி நீ கேள்விப்பட்டிருக்கலாம். அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ரோகுரோனியத்தை, வேலை முடிந்ததும் இரத்தத்திலிருந்தே விழுங்கிவிடும். எட்டு குளுக்கோஸ் அலகுகளாலான காமா சைக்ளோடெக்ஸ்ட்ரின் வளையத்தை மாற்றியமைத்துச் செய்தது. ஐரோப்பாவில் 2008-இல் அனுமதி, அமெரிக்காவில் 2015-இல். அதன் பிணைப்பு மாறிலி, அதாவது பிடியின் பலத்தைச் சொல்லும் எண், ஒரு கோடிக்கு மேல். கூண்டுக்கும் கை உண்டு, மருந்துக்கும் கை உண்டு. ஆனால் அங்கே இடது வலது பார்க்கவேண்டிய தேவையே இல்லை, விழுங்கினால் போதும்.

பிரிப்பது வேலை என்றால் கதை வேறு. சைக்ளோடெக்ஸ்ட்ரினையே பூசிய குரோமட்டோகிராஃபிக் குழாயில், அதாவது கலவையை ஓடவிட்டுப் பிரிக்கும் குழாயில், பிணைப்பு எவ்வளவோ பலவீனமாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே தேர்வு ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப நடப்பதால், மோலுக்குச் சில நூறு ஜூல் வித்தியாசமே இரண்டு கைகளையும் தனித்தனியாக வெளியே கொண்டுவந்துவிடும். பலமாகப் பிடிக்கும் கூண்டு இரண்டையும்தான் பலமாகப் பிடிக்கிறது.

கச்சிதம் என்பதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. கூண்டின் உள்ளிடத்தில் ஏறக்குறைய 55 சதவீதம் நிரம்பினால்தான் விருந்தாளி மிக நன்றாகத் தங்குகிறது என்று 1998-இல் மெக்கோட்சியும் ரெபெக்கும் கண்டார்கள். சாதாரணத் திரவங்களில் மூலக்கூறுகள் அடைந்திருப்பதும் அதே அளவுதான். அதற்கு மேல் திணித்தால் விருந்தாளி புரளவும் திரும்பவும் முடியாமல் போகிறது, அந்தச் சுதந்திரத்தை இழப்பதற்கு ஆற்றலில் விலை கொடுக்கவேண்டியிருக்கிறது. கையுறைக்குள் கை போவது போல என்று நாமெல்லாம் வகுப்பில் சொல்கிறோம். விரல் அசைய இடமில்லாத கையுறையை யாரும் போட்டுக்கொள்ளமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

என் மாணவியின் வேலை ஹெமிகிரிப்டோஃபேன்களில். பெயரைப் பார்த்து மிரளாதே. ஒரு முனையில் மூன்று பென்சீன் வளையங்கள் சேர்ந்த கிண்ணம், மறு முனையில் மூன்று கரம் நீட்டிய நைட்ரஜன், இரண்டையும் இணைக்கும் மூன்று பாலங்கள். கிண்ணத்தின் பென்சீன் முகங்கள் நேர்மின் அம்மோனியத்தைப் பிடிக்கும். மறு முனையின் நைட்ரஜன்கள் ஹைட்ராக்ஸிலுடன் ஹைட்ரஜன் பிணைப்பு போடும். ஒரு முனையில் அம்மோனியமும் பக்கத்திலேயே ஹைட்ராக்ஸிலும் உள்ள எஃபெட்ரின், நார்எஃபெட்ரின் வகை மூலக்கூறுகளுக்கு இதைவிடப் பொருத்தமான வீடு ஏது? நம் நரம்புக் கடத்திகள் சிலவும் இதே அமைப்புதான். பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்தக் கூண்டுகளில் நிறையச் செய்திருக்கிறார்கள்.

சிக்கல் கிண்ணத்தில் இருக்கிறது. அதன் விளிம்பில் மாறி மாறி வேறு தொகுதிகள் வைத்தால் கிண்ணத்துக்கே கைத்தன்மை வந்துவிடும். அதே கிண்ணம் உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டால் கை மாறிவிடும். அறை வெப்பநிலையில் மெதுவாகப் புரளும், சூடாக்கினால் வேகமாக. பாடுபட்டுப் பிரித்தெடுத்த ஒற்றைக் கைக் கூண்டை அடுத்த வினைக்காகக் கொதிக்க வைத்தால் மறுபடியும் கலவை! அதனால் எங்கள் ஆய்வகத்தில் வேதியியலில் பாதி, குளிரில் பொறுமையாகக் காத்திருப்பது.

அப்புறம் இன்னொரு வேடிக்கை. அந்தக் கூண்டின் இரண்டு கைகளையும் நாங்கள் பிரிப்பது எதை வைத்து தெரியுமா? செல்லுலோஸைப் பூசிய குழாயை வைத்து. யோஷியோ ஒகாமோட்டோ வளர்த்தெடுத்த முறை அது. செல்லுலோஸின் கை குளுக்கோஸிலிருந்து வந்தது, குளுக்கோஸின் கை ஒரு தாவர நொதியிடமிருந்து வந்தது. எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் கைத்தன்மை எல்லாமே எங்கோ ஒரு உயிரிடம் கடன் வாங்கியதுதான். 1848-இல் பாஸ்டர் டார்டாரிக் அமில உப்பின் படிகங்களைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கினாரே, அதுதான் கடன் இல்லாத வேலை என்று நினைப்பேன். யோசித்தால், பொறுக்கிய மனிதனின் மூளையும் இடது கை அமினோ அமிலங்களால் ஆனதுதான். இதற்கு மேல் போனால் தூக்கம் வராது, விடு.

உன் இரண்டாவது கேள்வி, சர்க்கரை ஏறும்போது தானே விழித்துக்கொள்ளும் இன்சுலின் வந்துவிட்டதாமே, உண்மையா என்பது. செய்தியில் உண்மை இருக்கிறது, ஆனால் நான் படித்தது விலங்குகளில் செய்த சோதனை. அதன் வேர் பிரிஸ்டலில் ஆண்டனி டேவிஸின் ஆய்வகத்தில் இருக்கிறது. தண்ணீருக்குள் குளுக்கோஸைப் பிடிப்பது மகா கஷ்டம். குளுக்கோஸின் உடம்பெல்லாம் ஹைட்ராக்ஸில், தண்ணீரின் உடம்பும் அதுவே. இரத்தத்தில் உள்ள அளவுக்கு, லிட்டருக்கு 5 மில்லிமோல் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்தால், ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 11,000 தண்ணீர் மூலக்கூறுகள். கூண்டு எதைத் தொட்டாலும் அது தண்ணீராகத்தான் இருக்கும். டேவிஸ் குழு கூரையும் தரையும் பென்சீன் வளையங்களாக வைத்து, நடுவில் யூரியாத் தூண்கள் நிறுத்தியது. குளுக்கோஸின் பீட்டா வடிவத்தில் ஹைட்ராக்ஸில்கள் எல்லாம் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், மேலும் கீழும் கார்பன்–ஹைட்ரஜன் முகங்கள். அவை கூரையையும் தரையையும் தொடும், ஹைட்ராக்ஸில்கள் தூண்களைப் பிடிக்கும். 2019-இல் வெளியான அந்தக் கூண்டின் பிணைப்பு மாறிலி சுமார் 18,000. சர்க்கரைக்கு, அதுவும் தண்ணீரில், இது பெரிய எண். காலக்டோஸில் நான்காவது கார்பனின் ஹைட்ராக்ஸில் ஒன்றே ஒன்று மேல்நோக்கித் திரும்பியிருக்கிறது. அது போய்க் கூரையில் இடிக்கிறது, அதனால் அங்கே பிடிப்பு மிகவும் தளர்ந்துபோகிறது.

இதில்தான் உன் பையனுக்கு ஒரு நல்ல புதிர் இருக்கிறது. அந்தக் கூண்டுக்குக் கைத்தன்மை கிடையாது. அப்படியானால் குளுக்கோஸையும் அதன் கண்ணாடி பிம்பமான எல்-குளுக்கோஸையும் அது பிரிக்குமா? பிரிக்காது, ஒரு ஜூல்கூட வித்தியாசம் இருக்காது. கூண்டையும் குளுக்கோஸையும் சேர்த்துக் கண்ணாடியில் பார், கூண்டு அப்படியே இருக்கும், குளுக்கோஸ் மட்டும் மாறும், ஆற்றல் மாறாது. ஆனால் காலக்டோஸ் குளுக்கோஸின் பிம்பம் அல்ல, வேறு வடிவம். அதனால் கையில்லாத கூண்டுக்கும் அது வேறாகத் தெரிகிறது. உடலில் எல்-குளுக்கோஸ் இல்லை என்பதால் மருந்துக்கு இது ஒரு குறையே இல்லை. தேவையில்லாத தேர்வுக்காக மெனக்கெடாமல் விட்டது நல்ல பொறியியல் என்பது என் கட்சி.

இதே வழியில் வந்த ஒரு வளைய மூலக்கூறையும் குளுக்கோஸ் போன்ற ஒரு துண்டையும் இன்சுலினில் ஒட்டி நோவோ நார்டிஸ்க் 2024-இல் முடிவுகளை வெளியிட்டது. சர்க்கரை குறைவாக இருக்கும்போது வளையம் அந்தத் துண்டைப் பிடித்துக்கொள்ள, இன்சுலின் மூடிக்கிடக்கும். சர்க்கரை ஏறினால் குளுக்கோஸ் துண்டைத் தள்ளிவிட்டு உட்கார, இன்சுலின் திறந்துகொள்ளும். எலிகளிலும் பன்றிகளிலும் செய்த சோதனை அது. உன் அண்ணனிடம் சொல், அதற்காகக் காத்திருக்காமல் இப்போது போட்டுக்கொள்ளும் ஊசியை ஒழுங்காகப் போடட்டும்.

ஒன்று மட்டும் தோழி என்ற உரிமையில் சொல்கிறேன். கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் குழந்தைகள் ஊனத்தோடு பிறக்கக் காரணமான தாலிடோமைடு என்ற மருந்தில் ஒரு கை மருந்து, மறு கை விஷம், பிரித்திருந்தால் அந்தக் குழந்தைகள் தப்பியிருப்பார்கள் என்று வகுப்பில் சொல்வதாக எழுதியிருந்தாய். அப்படிச் சொல்லாதே. தாலிடோமைடின் இரண்டு கைகளும் உடலுக்குள் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொள்ளும். ஒரு கையை மட்டும் கொடுத்தாலும் சில மணி நேரத்தில் இரண்டும் இருக்கும். உதாரணம் வேண்டுமானால் டோபாவைச் சொல். பார்கின்சன் நோய்க்கு இடது கை டோபாவைத்தான் கொடுக்கிறார்கள், அதை டோபமீனாக மாற்றும் நொதி அந்தக் கையைத்தான் ஏற்கும்.

மூளைக்கும் நரம்புக்கும் பயன்படும் கூண்டு எப்போது வரும் என்று கேட்டால் என்னிடம் தேதி இல்லை. என் மாணவியின் கூண்டு இப்போது கரிமக் கரைப்பானில் மட்டும் வேலை செய்கிறது, தண்ணீரில் கரைய மறுக்கிறது. அடுத்த மாணவனுக்கு அந்த வேலைதான். விடுமுறையில் நீ வருவதாக இருந்தால் உன் பையனையும் கூட்டிக்கொண்டு வா. மூலக்கூறின் அமைப்பைக் காந்தப்புலத்தில் கோடுகளாகக் காட்டும் என்.எம்.ஆர். கருவி முன் உட்காரவைத்து, ஒரே கூண்டுக்குள் இரண்டு கைகளும் இரண்டு தனிக் கோடுகளாக நகர்வதைக் காட்டுகிறேன். வருவதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடு, கருவிக்கு வரிசை நீளம்.

அன்புடன்,
கலா