காலியாக விடச் சொன்ன கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மெய்நிகர் கணினிக்கு (கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிக்கு) போர்ட் ஃபார்வர்டிங் அமைப்பது பற்றிச் சென்ற மாதம் தங்கள் இணைப்பிதழில் வந்த குறிப்பில், 'ஹோஸ்ட் ஐபி கட்டத்தைக் காலியாக விடலாம்' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகவே எழுதுகிறேன்.

நான் தொலைபேசி நிலையத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஸ்விட்ச்போர்டில் பிளக் செருகி டிரங்க் கால் கொடுத்த காலத்தில் சேர்ந்தவன். விடுதியில் தங்கிப் படிக்கும் பேரன் எவ்வளவோ விளக்கியும் புரியாத விஷயம், பழைய அலுவலக எக்ஸ்டென்ஷன்களை நினைத்ததும் புரிந்துவிட்டது. விர்ச்சுவல் பாக்ஸ் என்ற மென்பொருளில் நேட் முறையில் (எக்ஸ்டென்ஷன் போல, உள்ளுக்குள் மட்டும் செல்லும் முகவரியோடு) ஓடும் மெய்நிகர் கணினிக்குப் பெரும்பாலும் 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். உள்ளிருந்து வெளியே பேசலாம்; வெளியிலிருந்து நேரே கூப்பிட முடியாது. '2222-க்கு அழைப்பு வந்தால் உள்ளே 22-க்குக் கொடு' என்று ஆபரேட்டரிடம் சொல்லிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். 22 என்பது, வேறொரு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையின் எண். பேரனோ 10.0.2.15-ஐயே தட்டித் தட்டி ஒரு மாலையைத் தொலைத்தான். கூப்பிட வேண்டியது 127.0.0.1, அதாவது மடிக்கணினி தன்னைத்தானே கூப்பிடும் முகவரி; போர்ட் 2222. அதற்குப் பிறகும் பதில் இல்லை. மெய்நிகர் கணினியில் அவன் போட்டிருந்த உபுண்டு டெஸ்க்டாப் என்ற இயங்குதளத்தில், அழைப்பை எடுக்கும் எஸ்எஸ்எச் சர்வரை நாம்தான் நிறுவ வேண்டுமாம். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை!

இனி அந்த ஹோஸ்ட் ஐபி கட்டம். மடிக்கணினியின் எந்த முகவரிக்கு வரும் அழைப்பை ஏற்பது என்று எழுதும் இடம் அது. அதில் 127.0.0.1 என்று எழுதினால் அந்த மடிக்கணினியிலிருந்து மட்டுமே உள்ளே போகலாம். காலியாக விட்டால் வைஃபை உட்பட எல்லா இணைப்புகளிலும் அந்தக் கதவு திறந்திருக்கும். தங்கள் குறிப்பை வெட்டி வைத்துக்கொண்டு செய்த பேரன், காலியாகவே விட்டான். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டதற்குப் படிக்காமலே சம்மதித்தான். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒரே சொல். அது அவன் தப்பு. இரண்டாம் நாளே பக்கத்து அறைப் பையன் விடுதி வைஃபை வழியாக உள்ளே புகுந்து, 'மெஸ் மூடப் போகிறது, சாப்பிட வா' என்ற பெயரில் ஒரு கோப்பை வைத்துவிட்டுப் போயிருந்தான். நண்பனாக இருந்ததால் சிரித்தோம்.

மற்றவர்களும் வந்து பார்க்க வேண்டிய இணையதளம் என்றால் காலியாக விடுவதில் நியாயம் உண்டு. வீட்டுப்பாடத்துக்கு எதற்கு?

திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன். பேரன் வெட்டி வைத்திருக்கும் துண்டில் அந்த வரியை நானே சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

– ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர்,
கும்பகோணம்.