ஆள் சேர்க்கும் ஆய்வு: அண்ணனுக்காக நீங்கள் கேட்டது

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். அண்ணனுடைய நுரையீரல் புற்றுநோய்க்கு இதுவரை கொடுத்துவந்த மருந்து இனிப் பலன் தராது என்று மருத்துவர் சொன்னதையும், சொன்ன கையோடு, அந்த மருத்துவமனையில் இப்போது நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கும் மருத்துவ ஆய்வொன்றில் அவர் விரும்பினால் சேரலாம் என்று ஒரு படிவத்தைக் கொடுத்தனுப்பியதையும் எழுதியிருந்தீர்கள். அண்ணனைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்களா, அல்லது கடைசியாகக் கிடைத்த நல்ல வாய்ப்பு இதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில், மருத்துவம் படிக்காத பொது உறுப்பினன் என்ற முறையில், இத்தகைய படிவங்களை வரிவரியாகப் படிப்பதே சில ஆண்டுகளாக என் வேலையாக இருப்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு. சிகிச்சை என்பது அண்ணனுக்காகச் செய்யப்படுவது. ஆய்வு என்பது விடை தெரியாத ஒரு கேள்விக்கு விடை தேடுவது. அதே மருத்துவர், அதே அறை, அதே கட்டில் என்று இருப்பதால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நோயாளியின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. ஆய்வில் என்ன செய்தாலும் அது தன் நன்மைக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது என்று நோயாளிகள் நம்பிவிடுவதை, பால் ஆப்பல்பாம் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1982-லேயே சுட்டிக்காட்டினார்கள். நான் பார்த்த அளவில் அந்த நம்பிக்கை இன்னும் குறையவில்லை. படித்தவர்களிடமும் அது இருக்கிறது.

ஆகவே மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஆய்வு மருந்து எவ்வளவு நல்லது என்பதன்று. அண்ணன் இதில் சேராவிட்டால் அவருக்கு என்ன சிகிச்சை கொடுப்பீர்கள், அதிலிருந்து எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று கேளுங்கள். அந்தப் பதில் கையில் இல்லாமல் எடுக்கும் முடிவு, சேர்வதானாலும் மறுப்பதானாலும், குருட்டு முடிவுதான்.

அடுத்ததாக, இது எத்தனையாவது கட்ட ஆய்வு என்று படிவத்தில் பாருங்கள். முதல் கட்டத்தில் பொதுவாக 20 முதல் 100 பேர் வரை சேர்ப்பார்கள். எவ்வளவு அளவு மருந்தை உடம்பு தாங்கும் என்று பார்ப்பதே அங்கு நோக்கம். மற்ற பல நோய்களுக்கு இந்தக் கட்டத்தில் நலமாக இருப்பவர்களைச் சேர்ப்பதுண்டு. புற்றுநோயில் பெரும்பாலும் நோயாளிகளையே சேர்க்கிறார்கள். முதலில் வருபவர்களுக்கு மிகக் குறைந்த அளவும், பிறகு வருபவர்களுக்குப் படிப்படியாகக் கூடிய அளவும் கொடுப்பார்கள் என்பதால், முன்னால் சேர்ந்தவருக்கு மருந்து வேலை செய்யும் அளவே கிடைக்காமல் போகலாம். பின்னால் சேர்ந்தவருக்குப் பக்கவிளைவு கூடலாம். இரண்டாம் கட்டம் சில நூறு பேரோடு முடியும். மூன்றாம் கட்டத்தில் சில நூறு முதல் சில ஆயிரம் பேர் வரை சேர்த்து, இப்போது வழக்கத்தில் உள்ள சிகிச்சையோடு புதியதை ஒப்பிடுவார்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அண்ணனுக்குச் சொல்லப்பட்டது மூன்றாம் கட்டம் போலத் தெரிகிறது. எனினும் படிவத்தின் முதல் பக்கத்திலேயே அது அச்சாகியிருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் மிகவும் வருத்தத்தோடு எழுதியிருந்தது குலுக்கல் முறையைப் பற்றி. புதிய மருந்து யாருக்கு, பழையது யாருக்கு என்பதைக் கணினி தீர்மானிக்கும் என்றால், மருத்துவர் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கோபம்தான். ஆனால் இந்த இடத்தில் நான் மருத்துவர்கள் பக்கம் நிற்கிறேன். 1948-ல் பிரிட்டனில் வெளியான காசநோய் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து எல்லோருக்கும் கொடுக்கப் போதாத காலம் அது. பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளர் வகுத்த முறைப்படி, யாருக்கு மருந்து என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், மூடிய உறைகளுக்குள் முன்கூட்டியே முடிவுசெய்து வைத்தார்கள். ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தார்கள். தேறிவிடுவார் என்று தோன்றியவர்களுக்கே மருத்துவர் மருந்தைக் கொடுத்திருந்தால், இந்த எண்களுக்கு எந்தப் பொருளும் இருந்திருக்காது.

புதியது என்றால் நல்லது என்று நினைப்பதும் சரியில்லை. மாரடைப்புக்குப் பின் இதயத்துடிப்பு தாறுமாறானால் சாவு நேரக்கூடும். எனவே துடிப்பைச் சீராக்கும் மருந்து உயிரைக் காக்கும் என்று மருத்துவர்கள் நம்பியது எவ்வளவு இயல்பானது, யோசித்துப் பாருங்கள். என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற இரு மருந்துகள் துடிப்பைச் சீராக்கவும் செய்தன. ஆனால் முறையாக ஒப்பிட்டபோது, மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும், மருந்துப்போலி, அதாவது பார்வைக்கு மருந்து போலவே இருந்தும் உள்ளே மருந்தில்லாத மாத்திரை, பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்ததாக 1991-ல் வெளியான அறிக்கை காட்டியது. இதயத்துடிப்பு வரைபடம் அழகாக இருந்தது, நோயாளிதான் இல்லை. அந்த ஆய்வில் குலுக்கலில் மருந்து கிடைக்காமல் போனதற்காக வருந்தியவர் யாரேனும் இருந்திருந்தால், அவர்தான் அதிர்ஷ்டசாலி. கோவிட் காலத்திலும் இதைப் பார்த்தோம். பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, உலகமே பேசிக்கொண்டிருந்த மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினால் பயனில்லை என்று காட்டியது. பழைய மலிவான ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோனோ, செயற்கை சுவாசக் கருவியில் இருந்தவர்களின் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. 2020 மார்ச்சில் தொடங்கிய ஆய்வு, ஜூன் மாதமே இந்த விடையைத் தந்துவிட்டது.

எந்த மருந்து மேல் என்று மருத்துவ உலகுக்கு உண்மையாகவே தெரியாதிருக்கும்போதுதான் குலுக்கல் நியாயமாகும். தெரிந்த பிறகும் அதைத் தொடர்ந்தால் அது கொடுமை. இடையிடையே முடிவுகளைப் பார்த்து, ஒரு பக்கம் தெளிவாக மேலோங்கினாலோ தீங்கு தெரிந்தாலோ ஆய்வை நிறுத்தச் சொல்லும் தனிக் கண்காணிப்புக் குழு இந்த ஆய்வுக்கு உண்டா என்று கேளுங்கள். மேலும், அண்ணனுக்கு வெறும் மருந்துப்போலி மட்டுமே கிடைக்கும் என்று பயப்பட வேண்டாம். பலன் தரும் சிகிச்சை ஏற்கெனவே இருக்கும் புற்றுநோய்களில், வழக்கமான சிகிச்சையோடு புதிய மருந்தையோ மருந்துப்போலியையோ சேர்த்துக் கொடுப்பதுதான் பொதுவான நடைமுறை. அண்ணனின் ஆய்வு அப்படித்தானா என்பதைப் படிவமே சொல்லும்.

இனிப் படிவத்தின் பின்பகுதிக்கு வாருங்கள். அங்கே ஓர் அட்டவணை இருக்கும்: மேலே வாரங்கள், பக்கவாட்டில் இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பயாப்சி (உடலிலிருந்து சிறு திசுவை எடுத்துச் சோதிப்பது), கேள்வித்தாள், கட்டங்களில் சிறு சிறு பெருக்கல் குறிகள். யாரும் படிக்காத பக்கம் அது. நான் முதலில் படிக்கும் பக்கம் அதுவே. எங்கள் குழுவின் முன் வந்த ஒரு படிவத்தில், ஆறாவது வாரத்துக்கு நேராக ஒரு பயாப்சிக் குறி இருந்தது. அது எதற்கு என்று கேட்டோம். நோயாளியின் சிகிச்சைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை, ஆராய்ச்சிக்கு மட்டும்தான் என்று தெரியவந்தது. படிவத்தின் உரைப்பகுதியில் எங்குமே அது சொல்லப்பட்டிருக்கவில்லை. நீண்ட வாக்குவாதத்துக்குப் பின், அது விருப்பப்பட்டால் மட்டும் என்று மாற்றி, தனிக் கையெழுத்துக்கு இடம் விட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அண்ணனின் அட்டவணையில் ஒவ்வொரு குறியின் மேலும் விரலை வைத்து, இது வழக்கமான சிகிச்சையில் உள்ளதா, ஆய்வுக்காகக் கூடுதலாகச் சேர்த்ததா, செலவு யாருடையது என்று கேளுங்கள். ஆய்வு ஒருங்கிணைப்பாளர் முகம் சுளிக்கமாட்டார். சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

‘ஆள் சேர்ப்பு நடைபெறுகிறது’ என்று மருத்துவ ஆய்வுகளின் இணையப் பதிவேட்டில் இருப்பதால் அண்ணனைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். சிறுநீரகம், கல்லீரல், முன்பு பெற்ற சிகிச்சைகள், எழுந்து நடமாடும் திறன் என்று ஒவ்வொன்றுக்கும் வரையறை உண்டு. சோதித்த பிறகு தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்படுபவர்கள் ஏராளம். நானே மூட்டுவலி ஆய்வொன்றில் சேரலாம் என்று உற்சாகமாகப் போய், இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டேன். ஓர் ஆய்வு தொடங்கியதுமே அதற்குத் தகுதியான நோயாளிகள் எங்கோ காணாமல் போய்விடுவார்கள் என்று மருந்தியல் வட்டாரத்தில் லூயி லாசக்னா என்ற மருந்தியல் அறிஞரின் பெயரால் ஒரு பழைய கிண்டல் உண்டு. எங்கள் மருத்துவர்கள் அதைச் சிரிக்காமலே சொல்வார்கள். இன்னொன்று: பழைய மருந்தின் தாக்கம் உடம்பிலிருந்து நீங்குவதற்காகச் சில வாரங்கள் மருந்தே இல்லாமல் காத்திருக்கச் சொல்வதுண்டு. அண்ணனின் நோய் அந்த இடைவெளியைத் தாங்குமா என்று கட்டாயம் கேளுங்கள். இதைத்தான் எல்லோரும் கேட்க மறக்கிறார்கள்.

பதிவேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க அரசு நடத்தும் கிளினிக்கல்டிரையல்ஸ்.கவ் போன்ற பதிவுத் தளத்தில் ஓர் ஆய்வு இடம்பெற்றிருப்பதால், அரசாங்கம் அதை ஆராய்ந்து நல்லதென்று சான்றளித்துவிட்டதாகப் பொருளில்லை. அந்தத் தளமே அப்படித்தான் எச்சரிக்கிறது. நிரூபிக்கப்படாத குருத்தணு (ஸ்டெம் செல்) சிகிச்சைகளை விற்பவர்கள் சிலர், தங்கள் வியாபாரத்தை ஆய்வு என்று பதிவுசெய்து, நோயாளியிடமே பணம் வாங்கியதும் உண்டு. ஆய்வு மருந்துக்கே பெருந்தொகை கேட்டால், மேற்கொண்டு பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

சேர்ந்த பிறகு எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையில் குறைவைக்கக் கூடாது. 1932 முதல் 1972 வரை அமெரிக்காவின் டஸ்கீகியில், சிஃபிலிஸ் நோயுற்ற கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல் வேடிக்கை பார்த்த கொடுமையெல்லாம் நடந்ததால்தான் இந்த விதிகள் இவ்வளவு கறாராக இருக்கின்றன. ஆனால் விலகும்வரை சேகரித்த தகவல்களைப் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். ஆய்வால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு, மருந்து பலன் தந்தால் ஆய்வு முடிந்த பிறகும் அது தொடர்ந்து கிடைக்குமா என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும்.

என் கருத்தையும் கேட்டிருந்தீர்கள். வழக்கமான அடுத்த சிகிச்சையிலிருந்து பெரிதாக எதிர்பார்ப்பதற்கு இல்லை என்று மருத்துவர் சொல்லி, கூடுதல் ஸ்கேன்களும் பயணமும் அண்ணனைச் சோர்வடையச் செய்யாது என்றும் தெரிந்தால், நான் சேரச் சொல்வேன். ஆனால் கையெழுத்து அவருடையது. வீட்டில் எல்லோரும் கூடி முடிவுசெய்துவிட்டு அவரிடம் பேனாவை நீட்டாதீர்கள். அன்றே கையெழுத்திட வேண்டும் என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படிக்க அவருக்கு உரிமை உண்டு. அடுத்த சந்திப்புக்கு நீங்களும் உடன் செல்லுங்கள். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

படிவத்தின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பினால், அட்டவணையை நான் பார்த்துச் சொல்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும். அவை தெளிவாகத் தெரியும்படி எடுங்கள். பதிப்பு மாறும்போது பக்கவிளைவுகளின் பட்டியலும் மாறியிருக்கக்கூடும் என்பதால், இப்போது நடப்பில் உள்ள பதிப்பு அதுதானா என்று ஒருங்கிணைப்பாளரிடமும் கேட்டுவையுங்கள். அண்ணனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்