ஒண்டையும் வெட்டாதே

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மான்ர முழங்கால் நோ அப்பிடியேதான்.

சின்னவளுக்கு அல்பம் செய்யிறாய் எண்டு கேட்க எனக்குச் சரியான சந்தோசம். பொறுமையான வேலை எண்டால் எங்கட வீட்டில நீதான். ஆனால் 'அசிட் இல்லாதது' எண்டு போட்டிருக்கிறதை மட்டும் நம்பி வாங்காதே. கடதாசியில மரத்தில இருந்து வாற லிக்னின் எண்ட பொருளும் இருக்கக்கூடாது, பழைய பேப்பரை மஞ்சளாக்கிறது அதுதான். ஐ.எஸ்.ஓ. 18916 சோதனையில தேறினதோ எண்டு பார். பக்கத்தில இருக்கிற படத்தை மங்கவைக்குமோ, கறைப்படுத்துமோ எண்டு பார்க்கிற சோதனை அது. உறை பொலியெஸ்டர் அல்லது பொலிப்ரொப்பிலீன். பி.வி.சி. வேண்டவே வேண்டாம், நாள்பட அமிலம் கக்கும்.

பசை பூசாதே. படத்தின்ர மூலையைச் செருகிற கோர்னர் போட்டால் எப்பவும் கழற்றலாம். பெரியம்மாவின்ர ஒட்டுற அல்பம் ஞாபகம்தானே? பல்லிடுக்குக்குப் போடுற நூலை அடியால விட்டு, மெல்ல மெல்ல அறுத்தெல்லோ படங்களை எடுத்தது.

வெட்டினால் பழுதாகுமோ எண்டு கேட்டனி. ஒரு படத்தையும் வெட்டாதே. ஒரு ஆளோ ஒரு ஓரமோ வேண்டாமெண்டால் ஸ்கேன் பண்ணிப் பிரதியை வெட்டு. 2004 இல கடல் வந்துபோன பிறகு அம்மா ஒவ்வொரு படமாய் நல்ல தண்ணியில அலசி, முகம் மேல பார்க்க நிழலில காயவிட்டவ. தப்பினது எவ்வளவு எண்டு உனக்குத் தெரியும். வெட்டாதே மகள்.

பின்பக்கம் பேர் எழுதிறதெண்டால் மென்மையான பென்சிலால, அழுத்தாமல்.

அல்பத்துக்கு நேரம் இருக்கு, அம்மாவோட கதைக்க நேரமில்லை. மருமகன் சுகமோ எண்டு அவ கேட்க நீ பனியைப் பற்றிக் கதைச்சாயாம்.

கலியாணப் படப் பெட்டியை இஞ்ச அனுப்பப்போறன் எண்டு எழுதியிருந்தாய். அனுப்பாதே. இஞ்சத்த உப்புக்காத்துக்கும் மாரி ஈரத்துக்கும் பூஞ்சணம் பிடிச்சிடும். அங்கயே வெளிச்சம் படாத, ஈரமில்லாத அலுமாரியில வை. குளியலறைப் பக்கம் வேண்டாம். எறிஞ்சும் போடாதே, வெட்டியும் போடாதே. அல்பத்தில போடச்சொல்லி நான் கேட்கேல்லை.

பெட்டி வேண்டாம், நீ வா. பங்குனியில கடல் அடங்கிடும். சின்னவளும் நீயும் மட்டும் வாறதெண்டாலும் வா, ஒருத்தரும் ஒண்டும் கேட்கமாட்டம். ரிக்கெற் காசு நான் போடுறன்.

அன்புடன்,
அப்பா