பொதுக்குழுவில் வாசிக்கப்பட்ட செயலாளரின் ஆண்டறிக்கை

மழையையும் பொருட்படுத்தாமல் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எழுபதுகளின் ஹார்ட் ராக் என்ற அதிரடி மேற்கத்திய இசையின் தட்டுகளைக் கேட்பதற்கென்று குன்னூரில் தொடங்கிய நமது சங்கம் ஜாம்பி (மனிதரைத் தின்னும் நடைப்பிணம்) நகைச்சுவைப் படங்களை ஏன் திரையிட வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் எழுந்த கேள்விக்கு எழுத்தில் விடை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அந்த விடை ஆனி மாதத் திரையிடலில் தானாகவே கிடைத்துவிட்டது. எட்கர் ரைட் இயக்கி 2004இல் வெளிவந்த 'ஷான் ஆஃப் தி டெட்' படத்தில், கொல்லைப்புறத்துக்கு வந்துவிட்ட இரண்டு ஜாம்பிகள் மீது கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்து பார்த்த நண்பர்கள் இருவர், கடைசியில் இசைத்தட்டுப் பெட்டியையே தூக்கிவந்து, ஒவ்வொரு தட்டாக எடுத்து, இதை எறியலாமா கூடாதா என்று வாதாடிய பிறகே எறிகிறார்கள். பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெய்ன்' தப்பிக்கிறது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் தட்டு பறக்கிறது. உயிர் போகும் நேரத்திலும் தரம் பிரித்துப் பார்க்கும் அந்தப் புத்தி நம்மில் எவருக்கும் குறைவில்லை என்பதால்தான் அன்று அரங்கு அப்படிச் சிரித்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. எறிந்தவர்கள் பிறகு போய்ப் பொறுக்கிக்கூட வைக்கவில்லையே என்று தேநீர் வேளை முழுவதும் வருந்திக்கொண்டிருந்தார்.

மற்றத் திரையிடல்களில் டான் ஓ'பேனனின் 'தி ரிட்டர்ன் ஆஃப் தி லிவிங் டெட்' (1985) பெரிதும் விரும்பப்பட்டது. ஆம்புலன்ஸில் வந்தவர்களைத் தின்றுமுடித்த ஜாம்பி, அதே வண்டியின் வயர்லெஸ் கருவியை எடுத்து இன்னும் ஆட்களை அனுப்பச் சொல்லும் கட்டம் ஒன்றுக்காகவே அதை அடுத்த ஆண்டும் போடலாம் என்பது என் கருத்து. 'ஸோம்பிலேண்ட்' (2009) படத்தில், மெட்டாலிக்கா இசைக்குழுவின் பாட்டோடு ஓடும் முகப்புக் காட்சிக்கு எழுந்த கைதட்டல் படம் முடிந்தபோது எழவில்லை. நம் மாவட்டத்தின் பங்காக 'மிருதன்' (2016) திரையிடப்பட்டது. அது சிரிக்க எடுத்த படமன்று என்றாலும், கதை உதகைப் போக்குவரத்துக் காவலர் ஒருவரைப் பற்றியது என்பதால் அரங்கில் உற்சாகத்துக்குக் குறைவில்லை. அதில் வரும் ஜாம்பிகள் நீருக்கு அஞ்சுபவை. ஆகவே ஐப்பசியில் குன்னூருக்கு அபாயம் எதுவும் இல்லை என்று கூட்டம் ஒருமனதாக முடிவு செய்தது.

இசைத்தட்டு அமர்வுகளில் பழைய விதியே தொடர்ந்தது: ஒரு பக்கத்தில் முள் வைத்தால், அந்த இருபது நிமிடமும் முடியும்வரை யாரும் தூக்கக் கூடாது. டீப் பர்ப்பிள் குழுவின் 'மெஷின் ஹெட்' (1972) கேட்ட மாலை குறிப்பிடத்தக்கது. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரில் அவர்கள் ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்திருந்த காசினோ, ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரியின்போது எரிந்துபோனது. ஏரியின் மேல் படர்ந்த அந்தப் புகைதான் பின்னர் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' என்ற அவர்களுடைய புகழ்பெற்ற பாட்டானது. இடமின்றி அலைந்தவர்கள் இறுதியில் குளிர்காலத்துக்காகப் பூட்டிக்கிடந்த ஹோட்டல் ஒன்றைப் பிடித்து, மெத்தைகளைச் சுவரில் சார்த்தி எதிரொலியை அடக்கி, வெளியே நின்ற வாகன ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கம்பி இழுத்துப் பதிவு செய்தார்கள். சீசன் முடிந்த ஹோட்டலின் குளிர் எப்படி இருக்கும் என்பதை இந்த மலையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பத்தை (1970) அடைமழை நாளில் கேட்டது திட்டமிட்டதன்று. மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவு ஏற்பட்டு அன்றைய படக்கருவி வந்துசேராததால்தான் அதை எடுத்தோம். மழையும் இடியும் மணியோசையுமாகத் தொடங்கும் அந்தத் தட்டில், எது பதிவான மழை, எது நமது தகரக் கூரையின் மழை என்று கித்தார் எழும்வரை எவராலும் சொல்ல முடியவில்லை. தகட்டுத் தொழிற்சாலையில் இரு விரல் நுனிகளை இழந்த அக்குழுவின் கித்தார் கலைஞர் டோனி அயோமி, பிளாஸ்டிக் குப்பியை உருக்கித் தானே செய்துகொண்ட உறைகளை மாட்டிக்கொண்டு வாசித்தது அது. ஏறத்தாழ ஒரே நாளில் பதிவானதும்கூட.

நூலகத்தைப் பொறுத்தவரை, பூஞ்சையே நம் பெரும் பகை. தட்டு செய்யப்படும் வினைல் என்ற பிளாஸ்டிக், பூஞ்சைக்கு உணவாகாது. அது வளர்வது தட்டில் படிந்த தூசியிலும் விரல் எண்ணெயிலும், ஈரம் உறிஞ்சிய காகித உறையிலும்தான். ஆகவே உள்ளுறைகள் அனைத்தும் மாற்றப்பட்டன. தட்டுகள் படுக்கை நிலையிலிருந்து நிமிர்த்தி வைக்கப்பட்டன. காய்ச்சி வடித்த நீரில் சிறிது ஐசோபுரோபைல் ஆல்கஹால் சேர்த்து ஒவ்வொன்றாகத் துடைக்கப்பட்டன. இந்தப் பணியில் நேர்ந்த இழப்பு ஒன்றை மறைக்க விரும்பவில்லை. உறுப்பினர் ஒருவரின் குடும்பம் அன்பளிப்பாகத் தந்த தியாகராஜ பாகவதரின் 78 சுற்று வேகத் தட்டையும் அதே கரைசலால் நானே துடைத்தேன். பழைய 78 தட்டுகள் அரக்கால் ஆனவை. அரக்கு ஆல்கஹாலில் கரையும். இதை நான் அறிந்துகொண்டது துணி கறுத்த பிறகு. அக்குடும்பத்தாரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர்கள் காட்டிய பெருந்தன்மை என் குற்றத்தைக் குறைக்காது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். அதில் புதிய முள்ளுக்கான செலவைப் பார்த்து மலைக்க வேண்டாம். தேய்ந்த முள் நல்ல தட்டையும் அறுத்துவிடும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். மார்கழியில் இரவல் போன ஏசி/டிசி குழுவின் 'பேக் இன் பிளாக்' உறை மட்டும் திரும்பி வந்திருக்கிறது. உள்ளே இருப்பது ஐயப்பன் பக்திப்பாடல் தட்டு. இரண்டுக்கும் உறை கறுப்பு என்பதால் நேர்ந்த தவறாக இருக்கலாம். வைத்திருப்பவர் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவந்தால், தம்முடையதை அப்போதே பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்
குன்னூர்