மேல் இடது மூலை

தலவாக்கலை
ஞாயிறு காலை

அன்புள்ள மகளுக்கு,

நீ லண்டனிலிருந்து அனுப்பிய இரண்டு இல்ஃபர்ட் பிலிம் ரோல்களில் ஒன்று முடிந்துவிட்டது. கொழும்பில் கழுவி, படங்களும் கைக்கு வந்துவிட்டன. போனில் சொல்லத் தொடங்கினால் எனக்கு அழுகை வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

பெரியமாமாவின் கெமராவை மாமி துணியில் சுற்றி என்னிடம் தந்ததை உனக்குச் சொல்லியிருந்தேன். 1976 தீபாவளிக்கு மாமா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நம் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து இறங்கியபோது எனக்குப் பதினொரு வயது. கொழும்பில் கடையில் நின்ற காலத்தில், மொஸ்கோவில் படித்துவிட்டு வந்த ஒருவரிடம் வாங்கியிருந்தார். பெயர் ஸோர்க்கி-4. ரஷ்ய மொழியில் ‘கூரிய பார்வை உள்ள’ என்று அர்த்தமாம். இலக்கம் 71 என்று தொடங்குகிறது. மொஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க்கில் செய்த கெமராக்களில் முதல் இரண்டு எண்தான் செய்த ஆண்டு என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் படித்தேன். ஸோர்க்கிக்கு மூத்தது ஃபெட் என்ற கெமரா. ஜெர்மன் லைக்காவைப் பார்த்துச் செய்தது. 1934 இலிருந்து அதைச் செய்தவர்கள் உக்ரைனின் கார்க்கிவ் நகரில் ஒரு கொம்யூனில், அதாவது எல்லாரும் சேர்ந்து வாழ்ந்து வேலை செய்யும் விடுதியில், வளர்ந்த அநாதைப் பிள்ளைகள். அந்த கொம்யூனை நடத்தியவர் மக்கரென்கோ என்ற கல்வியாளர். ஆசிரியர்களுக்குப் பழக்கமான பெயர். பிள்ளைகள் கையால் லென்ஸ் தேய்த்து, ஷட்டர் பூட்டியிருக்கிறார்கள். முப்பது வருடம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவளுக்கு அதைப் படித்துவிட்டு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

சரி, கெமராவுக்கு வருகிறேன். அடியில் இருக்கும் இரண்டு பூட்டையும் திருப்பினால் பின்பக்கம் முழுதாகக் கழன்று கையோடு வந்துவிடுகிறது. பிலிமின் நுனியைச் சுருளில் செருகி, பல் சக்கரத்தில் ஓட்டைகள் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து மூட வேண்டும். மாமா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: முதலில் சாவியை முறுக்கு, அப்புறம்தான் வேகத்தை மாற்று. முறுக்காமல் வேகச் சக்கரத்தைத் தொட்டால் உள்ளே எதுவாவது கெட்டுப்போகும். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அதை வாய்விட்டே சொல்லிக்கொண்டேன்.

வெளிச்சம் அளக்க அதில் ஒன்றும் இல்லை. உன் ரோலின் வெளிச்ச உணர்வு எண் 400. நல்ல வெயிலில் ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 500 இல் ஒரு பங்கு, லென்ஸ் துவாரம் 16. எண் குறையக் குறைய துவாரம் பெரிதாகும். மூட்டம் வந்தால் 8, இன்னும் இறங்கினால் 5.6. நம் ஊரில் ஒரு படம் எடுத்து முடிப்பதற்குள் மூட்டம் இறங்கி ஏறிவிடும், அது உனக்கே தெரியும். மூக்குக்கண்ணாடி போட்டால் கண் பார்க்கும் துளைக்குக் கிட்டப் போகாது, கழற்றினால் எல்லாம் மங்கல். பிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழுக்கு அடியில் ஒரு சின்ன நெம்பு இருக்கிறது. அதைத் திருப்பத் திருப்ப, எதிர் மலையில் தேயிலை வரிசை ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தது. கண்ணாடி இல்லாமல் அந்த மலையை நான் பார்த்து எத்தனை வருடம்!

முதல் மூன்று படம் வீணாய்ப் போய்விட்டது. நாம் பார்க்கும் துளை வேறு, லென்ஸ் வேறு. லென்ஸ் மூடி போட்டபடியே இருந்தாலும் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். சித்தியை வாசலில் நிற்க வைத்து மூன்று தடவை மூடியைத்தான் எடுத்திருக்கிறேன்.

அப்புறம் மலைக்குப் போனேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். கெமராவைப் பார்த்ததும் ரோட்டில் வேன் நிறுத்தும் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சிரிக்கும் சிரிப்பைச் சிரித்தாள். துளைக்குள் நடுவில் மஞ்சள் கட்டம் ஒன்று இருக்கும். அதில் அவள் முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பி இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க எனக்கு நேரம் பிடித்தது. அதற்குள் அவள் சிரிப்பை விட்டுவிட்டு, “டீச்சர், முட்டு வலி எப்படி இருக்கு?” என்று கேட்டாள். அப்போதுதான் அமுக்கினேன். அந்தப் படத்தை உனக்கு அனுப்புகிறேன்.

படங்கள் வந்தபோது, மூட்டத்தில் எடுத்தவை நன்றாக இருந்தன. வெயிலில் எடுத்த ஒவ்வொன்றிலும் மேல் இடது மூலைக்குப் பக்கத்தில் மிளகளவு வெள்ளைப் புள்ளி. மூடியைக் கழற்றிய பிறகு எடுத்த சித்தியின் படத்தில் அது நெற்றியிலேயே விழுந்திருக்கிறது. கழுவியவர்களின் தவறு என்றுதான் நினைத்தேன். ராத்திரி பின்பக்கத்தைக் கழற்றி, லென்ஸ் பக்கத்திலிருந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். பிலிமுக்கு முன்னால் வெளிச்சத்தை மறைக்கும் ஷட்டர் திரை கறுப்புத் துணி. கீழே வலப்பக்கம் ஊசி குத்தியது போல வெளிச்சம் தெரிந்தது. உள்ளே படம் தலைகீழாக விழுவதால் அதுதான் மேல் இடது மூலை.

மகள், அந்த ஓட்டையைப் போட்டது நான்தான்.

1977 தைப்பொங்கல். மாமா குளிக்கப் போயிருந்தார். லென்ஸுக்குள் தகடுகள் விரிந்து சுருங்குவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. துவாரத்தை 2 வரைக்கும் திறந்துவிட்டு, இஸ்தோப்பு என்கிற முன்திண்ணைச் சுவரில் வைத்தேன். சூரியனுக்கு நேரே. அம்மா கூப்பிட்டார், ஓடிவிட்டேன். பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பது போல லென்ஸ் துணியைப் பொசுக்கிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வேறு சில வகைக் கெமராக்களில் லென்ஸுக்கும் திரைக்கும் நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடி போல ஒன்று இருந்து தடுக்கும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது மாமா அதைக் கையில் எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

உன் அம்மாயிக்கு, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, கூடையோடு மலையில் நிற்கும் படம் ஒன்றுதான் இருக்கிறது. அடையாள அட்டைப் படத்தை விட்டால் வேறு இல்லை. அந்தப் பொங்கலுக்கு மறுநாள் எடுத்தது. கன்னத்தில் இருக்கும் வெள்ளையைப் பூஞ்சணம் என்று இத்தனை வருடமும் நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆல்பத்தை எடுத்து வைத்து விடியும் வரைக்கும் பார்த்தேன். 76 இல் எடுத்தவற்றில் புள்ளி இல்லை. 77 இல் நான்கைந்து படங்களில் முகத்திலும் சேலையிலும் விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒருவர் முகத்திலும் இல்லை. எல்லாப் படத்திலும் அந்த மூலையில் வானம்தான். சென் கிளேயர் நீர்வீழ்ச்சியை அவர் எடுத்த படம் உனக்கு நினைவிருக்கும். 2012 இல் மேல் கொத்மலை மின் நிலையம் வந்ததற்கு முந்திய அருவி, மலை முழுக்க வெள்ளையாய் இறங்கும். அதில்கூட அருவியை வலப்பக்கம் தள்ளி, இடது மேலே வெறும் வானத்தை விட்டிருக்கிறார். வெள்ளை வானத்தில் வெள்ளைப் புள்ளி யாருக்கும் தெரியாது.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரால் வந்தது என்றும் தெரிந்துதான் இருக்கும். ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை. பெரியவளான பிறகு நானும் அவரிடம் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது.

உன்னிடம் உன் மூன்றாவது பிறந்தநாள் படம் இருக்கிறதல்லவா? வாசலில் நின்று பலூனைக் கடிப்பாயே, அது. “மாமா என்னைக் கீழே தள்ளிவிட்டு ஏன் இவ்வளவு வானத்தை எடுத்தார்?” என்று சின்ன வயதில் கேட்பாய். அதை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, மேல் இடது மூலையைப் பார்.

கறுப்புத் துணிச்சாயம் ஒரு துளி வைத்தால் ஓட்டை அடைபட்டுவிடுமாம். இரண்டாவது ரோலைப் போட்டுவிட்டேன், அது முடியட்டும். நாளைக்கு மாமியை எடுக்கப் போகிறேன். அவர் தலைக்கு மேலே இடப்பக்கம் நிறைய வானம் விடுவேன்.

முடிந்தால் இன்னும் இரண்டு ரோல் அனுப்பு. குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்.

அன்புடன்
அம்மா