லினக்ஸ் போட்டாச்சு சரி, ஹோம் ஃபோல்டருக்கு யாரு காவல்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க கணினி பக்கத்துல லினக்ஸ் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, லினக்ஸுக்கு மாறிட்டா வைரஸ் பயமே வேணாம், எதை இன்ஸ்டால் பண்ணினாலும் பாஸ்வேர்ட் கேக்கும், அதனால நிம்மதியா தூங்கலாம்ங்கற மாதிரி எழுதியிருந்தாங்க. பன்னெண்டு வருஷமா வீட்டு கம்ப்யூட்டர்ல லினக்ஸ் மட்டுமே வச்சிருக்கறவன் நான், அதனால லினக்ஸுக்கு எதிரா பேச வரல, ஆனா அந்தக் கட்டுரையில பாதிதான் சரி. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சதால நிறைய பேரு பழைய மெஷினைத் தூக்கிப் போட மனசில்லாம இப்பத்தான் உபுண்டு, மிண்ட் மாதிரி லினக்ஸ் வகைகளுக்கு (டிஸ்ட்ரோன்னு சொல்வாங்க) வர்றாங்க, அவங்க கண்ணுல முதல்ல படறது இந்த மாதிரி கட்டுரைதான், அதான் எழுதலாம்னு உக்காந்தேன்.

இன்ஸ்டால் பண்ணும்போது கேக்கற அந்த ரூட் பாஸ்வேர்ட், அதாவது சிஸ்டத்தோட முழு அதிகாரத்துக்கான பாஸ்வேர்ட், எதைக் காப்பாத்துதுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சிஸ்டம் ஃபைல்களைத்தான். அது கெட்டுப்போனா ஒரு பென் டிரைவ் இருந்தா அரை மணி நேரத்துல புதுசா போட்டுக்கலாம். போட்டோ, பேங்க் ஸ்டேட்மென்ட், ஸ்கேன் பண்ணி வச்ச சர்டிஃபிகேட், பிரவுசர் சேமிச்சு வச்சிருக்கற பாஸ்வேர்ட் எல்லாம் கிடக்கறது உங்க ஹோம் ஃபோல்டர்ல, அதைப் படிக்க எந்த பாஸ்வேர்டும் வேணாம், உங்க பேர்ல ஓடற எந்த புரோகிராமும் சத்தமில்லாம படிக்கலாம், நெட்ல அனுப்பவும் செய்யலாம். இதுல எந்த ஓட்டையும் இல்ல, சிஸ்டம் வடிவமைச்சதே அப்படித்தான். அந்தக் காலத்துல ஒரே மெஷின்ல இருபது பேர் வேலை பாத்தாங்க, ஒருத்தர் ஃபைலை இன்னொருத்தர் தொடக்கூடாதுங்கறதுதான் அப்ப கவலை. இப்ப மெஷின்ல நாம ஒரு ஆளுதான், நாமளே ஓட்டற புரோகிராம்தான் அந்நியன்.

ஃபயர்ஃபாக்ஸையே எடுத்துக்குங்க. சேமிச்ச பாஸ்வேர்டைப் பூட்டித்தான் வைக்குது, ஆனா செட்டிங்ஸ்ல பிரைமரி பாஸ்வேர்ட்னு ஒண்ணு போடலேன்னா சாவியும் அதே ஃபோல்டர்ல பூட்டுக்குப் பக்கத்துலயே கிடக்கும். எனக்கு இது தெரியவே பல வருஷம் ஆச்சு, அன்னிக்கு ராத்திரியே பிரைமரி பாஸ்வேர்ட் போட்டேன், அப்புறம் எல்லாத்தையும் கீபாஸ்எக்ஸ்சி மாதிரி தனி பாஸ்வேர்ட் மேனேஜருக்கு மாத்திட்டேன். இன்னொண்ணு, ரூட் பாஸ்வேர்டாவது தப்பிக்குமான்னா அதுவும் சந்தேகம்தான். கமாண்ட் அடிக்கற ஜன்னலான டெர்மினலைத் திறக்கும்போது ஓடற பாஷ்ஆர்சி ஃபைல் உங்க ஹோம்லதான் இருக்கு, அதுல ஒரு வரி சேத்து, ரூட் அதிகாரத்தோட கமாண்ட் ஓட்டற சுடோங்கற புரோகிராம் பேர்லயே ஒரு போலியை வச்சுட்டா, அடுத்த தடவை நீங்களே பாஸ்வேர்டைத் தட்டிக் குடுத்துடுவீங்க.

அப்ப என்ன பண்றதுன்னு கேட்டா, முதல்ல புரோகிராம் எங்கேருந்து வருதுன்னு பாக்கணும். டிஸ்ட்ரோவோட சொந்த ரெப்போல, அதாவது அவங்களே நடத்தற மென்பொருள் கிடங்குல இருந்து எடுத்தா பேக்கேஜ்ல டிஜிட்டல் கையெழுத்து சரியான்னு சிஸ்டமே பாத்துக்கும். வெளிய போகும்போதுதான் வம்பு. ஆர்ச் லினக்ஸ்ல யார் வேணா பேக்கேஜ் ஏத்தலாம்னு ஏயுஆர்னு ஒரு இடம் இருக்கு, 2025 ஜூலையில அங்க ஃபயர்ஃபாக்ஸை சரிபண்ற பேட்ச்ங்கற மாதிரி பேர்ல ஏத்தின பேக்கேஜ்கள்ல தூரத்துல இருந்து மெஷினை ஆட்டி வைக்கற கேயாஸ் ரேட்ங்கற சரக்கு இருந்துச்சு, கண்டுபிடிச்சு தூக்கிட்டாங்க. உபுண்டுவோட ஆப் கடையான ஸ்னாப் ஸ்டோர்லயும் கிரிப்டோ வாலெட்னு போலி ஆப் ஏத்தி காசை உருவினது நடந்திருக்கு. ஸ்டோர்ல இருக்குங்கறதே ஒரு சர்டிஃபிகேட் இல்ல, ஏத்தினது யாருன்னு பாக்கணும்.

இன்ஸ்டால் பண்றதுக்கான ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கறதுலயும் இதே கதைதான். 2016 பிப்ரவரியில லினக்ஸ் மிண்ட் வெப்சைட்டுக்குள்ள யாரோ புகுந்து, 17.3 சினமன் ஐஎஸ்ஓவோட லிங்கை மாத்தி, திருட்டுத்தனமா உள்ள நுழைய பின்கதவு வச்ச காப்பியைக் குடுத்துட்டாங்க, அந்த ஒரு நாள்ல இறக்கினவங்க பாடு திண்டாட்டம். ஃபைல் மாறாம வந்திருக்கான்னு ஒப்பிட்டுப் பாக்கற செக்சம் எண்ணைப் பாருங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, பாருங்க, ஆனா ஃபைலை மாத்தினவனுக்கு பக்கத்துல இருக்கற செக்சமை மாத்த எவ்வளவு நேரமாகும்? அந்த செக்சம் ஃபைல்ல போட்டிருக்கற ஜிபிஜிங்கற டிஜிட்டல் கையெழுத்தைப் பாக்கறதுதான் உண்மையான சோதனை. முதல் தடவை கொஞ்சம் தலை சுத்தும், அப்புறம் அஞ்சு நிமிஷ வேலை.

ரெப்போவே கெட்டுப்போனா? அதுவும் மயிரிழையில தப்பிச்சோம். 2024 மார்ச்ல எக்ஸ்இசட் யூடில்ஸ்ங்கற, ஃபைலைச் சுருக்கற சின்ன மென்பொருளோட 5.6.0, 5.6.1 வெர்ஷன்கள்ல பின்கதவு. வச்சவன் அவசரப்படவே இல்ல, ரெண்டு வருஷத்துக்கு மேல நல்ல பிள்ளையா வேலை பாத்து, களைச்சுப் போயிருந்த பராமரிப்பாளர்கிட்ட நம்பிக்கை வாங்கிட்டுத்தான் வச்சான். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்னு ஒரு எஞ்சினியர், தூரத்து மெஷினுக்குள்ள போற எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தை விட அரை செகண்ட் லேட்டாகுதேன்னு நோண்டப் போய் கண்டுபிடிச்சாரு. அவர் வேலை பாக்கறது மைக்ரோசாஃப்ட்ல, இதை என் லினக்ஸ் நண்பர்கள்கிட்ட சொன்னா மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க. நமக்கு இதுல விஷயம் என்னன்னா, அது டெபியன் டெஸ்டிங், ஃபெடோரா ராஹைட் மாதிரி சோதனை வெர்ஷன்கள், எப்பவும் புதுசையே குடுக்கற சில டிஸ்ட்ரோக்கள் வரைக்கும்தான் வந்துச்சு, டெபியன் ஸ்டேபிள், உபுண்டு எல்டிஎஸ்னு நிதானமான வெர்ஷன் வச்சிருந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல. புத்தம் புதுசா வேணும்னு அலையறவங்க இதையும் கணக்குல வச்சுக்கணும். அதுக்காக அப்டேட் போடாம இருக்காதீங்க, பிகேஎக்ஸெக்ங்கற சின்ன புரோகிராம்ல 2009லேருந்து கிடந்த ஓட்டை 2022 ஜனவரியிலதான் வெளிய வந்துச்சு, எந்த சாதா யூசரும் ரூட் ஆயிடலாம், அப்டேட் போட்டவன் தப்பிச்சான். உபுண்டு 20.04ஐ இன்னும் அப்படியே ஓட்டிட்டு இருக்கறவங்களும் உண்டு, அதோட வழக்கமான சப்போர்ட் 2025 மே மாசமே முடிஞ்சு போச்சு.

இப்ப என்னை நிஜமாவே பயமுறுத்தின விஷயத்துக்கு வரேன். சொந்தக்காரர் ஒருத்தர் லாகின் பாஸ்வேர்டை மறந்துட்டு லேப்டாப்பை என்கிட்ட குடுத்தாரு. லைவ் யுஎஸ்பி, அதாவது லினக்ஸ் நேரா ஓடற பென் டிரைவ் போட்டு பூட் பண்ணேன், அவர் டிஸ்க்கை கிளிக் பண்ணேன், அவ்வளவுதான், மெடிக்கல் ரிப்போர்ட்லேருந்து மெயில் வரைக்கும் எல்லாம் திறந்து கிடக்கு, ரெண்டு நிமிஷம் கூட ஆகல. அவரு என்னமோ நான் பெரிய கில்லாடின்னு பாராட்டினாரு, எனக்கு வயித்தைக் கலக்குச்சு, ஏன்னா என் லேப்டாப்பும் அன்னிக்கு அதே நிலைமையிலதான் இருந்துச்சு, அதைத் தொலைச்சிருந்தா எடுத்தவனுக்கும் அதே ரெண்டு நிமிஷம்தான். லாகின் பாஸ்வேர்ட்ங்கறது வாசல்ல நிக்கற வாட்ச்மேன் மாதிரி, சுவரே இல்லாத வீட்டுக்கு வாட்ச்மேன் எதுக்கு. இதுக்கு மருந்து, டிஸ்க் முழுக்கப் பூட்டு போடற லக்ஸ் என்க்ரிப்ஷன், இன்ஸ்டால் பண்ணும்போது ஒரே ஒரு டிக், அந்த டிக் போடாமத்தான் முக்கால்வாசிப் பேரு அடுத்த பக்கத்துக்குப் போறோம். அப்புறமா போடணும்னா பெரும்பாடு, எல்லாத்தையும் பேக்கப் எடுத்துட்டு புதுசா இன்ஸ்டால் பண்றதுதான் நல்லது, நான் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க அதுக்கே உக்காந்தேன். ரெண்டு எச்சரிக்கை. அந்தப் பூட்டுக்கான பாஸ்வேர்டை (பாஸ்ஃப்ரேஸ்) மறந்தா யார் வந்தாலும் திறக்க முடியாது, அதனால பேக்கப் கட்டாயம், அந்த பேக்கப் டிஸ்க்கையும் என்க்ரிப்ட் பண்ணுங்க, இல்லேன்னா முன்கதவைப் பூட்டிட்டு கொல்லைக் கதவைத் திறந்து வச்ச கதைதான். (மிண்ட்ல வர்ற பேக்கப் கருவி டைம்ஷிஃப்ட் இருக்கேன்னு நினைக்காதீங்க, அது சிஸ்டத்தைத்தான் எடுக்கும், ஹோம் ஃபோல்டரைத் தானா எடுக்காது.) ரெண்டாவது, மெஷின் ஆஃப்ல இருக்கும்போதுதான் இந்தப் பூட்டுக்கு பலம், மூடியை மட்டும் மூடி சஸ்பெண்ட்ல வச்சா சாவி மெமரியிலயே இருக்கும், அதனால வெளிய எடுத்துட்டுப் போகும்போது ஷட்டவுன் பண்ணிடுங்க.

ஒரே மெஷினை வீட்டுல நாலு பேர் நாலு லாகின் வச்சு பயன்படுத்தறவங்களுக்கு ஒரு வார்த்தை. உபுண்டுல 21.04க்கு முன்னாடி ஒருத்தர் ஹோமை அடுத்தவர் எட்டிப் பாக்கலாம்னுதான் அனுமதி இருந்துச்சு, பழசுலேருந்து அப்கிரேட் ஆகி வந்த மெஷின்ல இப்பவும் அப்படியேதான் இருக்கும், சிஹெச்மோட் 750ன்னு ஒரு கமாண்ட்ல மாத்திக்கலாம்.

ஃபயர்வால் பத்தி ரொம்ப பேச ஒண்ணுமில்ல. உபுண்டுல யுஎஃப்டபிள்யூன்னு ஒரு ஃபயர்வால் இருக்கும், ஆனா ஆன்ல இருக்காது, எனேபிள் பண்ணிட்டுப் போங்க. உள்ள வர்றதைத்தான் தடுக்கும், உள்ளேருந்து வெளிய போறதைத் தடுக்காது. ஆன்டிவைரஸ் போடணுமான்னா, நான் போடல.

திரையில ஜன்னல்களைக் காட்டற அடிப்படை மென்பொருள் ரெண்டு உண்டு, உங்க டெஸ்க்டாப் பழைய எக்ஸ்11ல ஓடுதா புது வேலண்ட்ல ஓடுதான்னு செட்டிங்ஸ்ல பாத்துக்கறது நல்லது. எக்ஸ்11ல ஒரு ஜன்னல்ல நீங்க டைப் பண்றதை இன்னொரு புரோகிராம் உக்காந்து கேக்கலாம், யாரையும் அனுமதி கேக்க வேணாம், வேலண்ட்ல அது நடக்காது. க்னோம், கேடிஇங்கற டெஸ்க்டாப் ரெண்டும் வேலண்ட் பக்கம் போயாச்சு, மிண்ட் சினமன்ல வேலண்ட் இன்னும் சோதனையாத்தான் இருக்கு. நம்பிக்கை இல்லாத ஆப்பை ஃபிளாட்பாக்ல (ஆப்பைத் தனியா அடைச்சு ஓட்டற முறை) போட்டு, ஃபிளாட்சீல்னு ஒரு கருவி இருக்கு அதுல ஹோம் ஃபோல்டர் அனுமதியைப் பிடுங்கிடுங்க. ஃபிளாட்பாக்னாலே கூண்டுக்குள்ள இருக்கும்னு நினைச்சுடாதீங்க, ஹோம் முழுக்க அனுமதி வாங்கிட்டே வர்ற ஆப்பும் நிறைய இருக்கு.

பிரைவசி வேற கதை, யாரும் புகாமலே நாமளே விட்டுட்டுப் போற தடயம். லினக்ஸ்னா வேவு பாக்காதுன்னு சொல்றாங்க, பெரும்பாலும் உண்மைதான், ஆனா 2012ல உபுண்டு 12.10ல மெனுவுல தேடற வார்த்தை அமேசான் பொருள் காட்டறதுக்காக வெளிய போயிட்டு இருந்துச்சு, கடுமையா திட்டு வாங்கி 16.04லதான் அது தானா ஓடறதை நிறுத்தினாங்க. இன்னிக்கு பெரிய ஓட்டை பிரவுசர்தான், விண்டோஸ்ல எந்த பிரவுசர்ல எந்த அக்கவுன்ட்ல இருந்தீங்களோ அதையே இங்கயும் தூக்கிட்டு வந்தா ஓஎஸ் மாறி என்ன பிரயோஜனம், ஃபயர்ஃபாக்ஸ்ல விளம்பரத்தையும் வேவையும் தடுக்கற யுபிளாக் ஆரிஜினாவது போடுங்க. கேஷ் ஃபோல்டர்ல தம்ப்நெயில்ஸ்னு ஒண்ணு ஒளிஞ்சிருக்கும், ஒரு தடவை திறந்து பாருங்க, டெலிட் பண்ணிட்டோம்னு நினைச்ச போட்டோவெல்லாம் குட்டி குட்டியா சிரிச்சுட்டு இருக்கும். டெர்மினல் ஹிஸ்டரியும் அப்படித்தான், கமாண்டோட பாஸ்வேர்டைச் சேத்து அடிச்சிருந்தா அது அங்கயே கிடக்கும், உபுண்டுல கமாண்டுக்கு முன்னாடி ஒரு ஸ்பேஸ் விட்டு அடிச்சா ஹிஸ்டரியில சேராது.

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்க கட்டுரையோட பெட்டிச் செய்தியில, இந்த ஒரு வரியை டெர்மினல்ல ஒட்டினா போதும், தேவையானதெல்லாம் தானா இன்ஸ்டால் ஆயிடும்னு கர்ல்ல ஆரம்பிச்சு சுடோ பாஷ்ல முடியற கமாண்ட் ஒண்ணு போட்டிருந்தீங்க. நெட்ல எங்கயோ இருக்கற ஃபைலை, உள்ள என்ன இருக்குன்னு பாக்காமலே ரூட் அதிகாரத்தோட ஓட்டுங்கறதுதான் அந்த வரிக்கு அர்த்தம். இன்னிக்கு அந்த ஃபைல் யோக்கியமா இருக்கலாம், நாளைக்கு அந்த சைட் கைமாறினா உங்க பேப்பரை வெட்டி வச்சுக்கிட்ட வாசகர்தான் மாட்டுவாரு. கட்டுரையில மத்ததை விடுங்க, அந்த வரிக்கு மட்டும் வர்ற வாரம் அதே இடத்துல ஒரு திருத்தம் போட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்