நூலின் லாட் எண் தெரிகிறது, நூற்றவர் நிலை தெரியாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதித் துறையில் நூல் கொள்முதல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நம் நூற்பாலைகளில் இன்னும் முற்றிலும் ஒழியாத கட்டாய உழைப்பைப் பற்றியும், அதில் ஆடை வாங்கும் நிறுவனங்களுக்கு உள்ள பொறுப்பைப் பற்றியும் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

சுமங்கலித் திட்டத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூன்றாண்டு வேலை முடிந்ததும் கல்யாணச் செலவுக்கு முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாகக் கிடைக்கும் எனத் தென் மாவட்டக் கிராமங்களில் பெற்றோரிடம் பேசி, பதின்வயதுப் பெண்களைப் புரோக்கர்கள் மில்லுக்கு அழைத்து வந்தார்கள். அந்தப் பணம் அந்தப் பெண்ணின் கூலியிலிருந்தே மாதாமாதம் பிடித்து வைக்கப்பட்டது. பஞ்சுத் தூசியில் உடம்பு கெட்டு இடையில் ஊர் திரும்பியவர்கள் பலருக்கு அது கைக்கு வரவே இல்லை. மில் வளாகத்துக்குள்ளேயே ஹாஸ்டல். வெளியே போகவும் வீட்டுக்குப் போன் பேசவும் வார்டனின் அனுமதி வேண்டும். ஆள் குறைந்தால் தூங்குகிறவர்களை எழுப்பி அடுத்த ஷிப்டுக்கு அனுப்புவார்கள். 2011இல் வெளிநாட்டு ஆய்வு அமைப்புகள் இதை அம்பலப்படுத்திய பின் விளம்பரங்களிலிருந்து அந்தப் பெயர் போய்விட்டது. ஹாஸ்டலில் அடைத்து வைத்து வேலை வாங்கும் முறை அதோடு போய்விடவில்லை. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் பெண்களுக்குத் தமிழும் தெரியாது என்பதால், அவர்களின் குறை வெளியே வருவது இன்னும் கடினம்.

விருப்பப்பட்டுத்தானே வந்தார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது; குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியது. வறுமையின் நெருக்கடியும் ஒரு கட்டாயமே என்பதுதான் அத்தீர்ப்பின் அடிப்படை.

இனி, ஆடை வாங்கும் நிறுவனங்களின் விஷயத்துக்கு வருகிறேன். தையல் நடக்கும் தொழிற்சாலையைத்தான் தங்களுக்குத் தெரியும், அதற்குப் பின்னால் உள்ள நூற்பாலை எங்கே இருக்கிறது என்று தெரியாது என அவை சொல்வதுண்டு. நூல் வாங்கிய அனுபவத்தில் சொல்கிறேன், இதை ஏற்க முடியாது. ஒவ்வொரு நூல் மூட்டையிலும் மில்லின் பெயர், நூலின் பருமனைக் காட்டும் கவுண்ட், எந்தத் தொகுப்பில் நூற்றது என்று காட்டும் லாட் எண் எல்லாம் இருக்கும். சாயமேற்றிய துணியில் நிறம் பட்டை பட்டையாகத் தெரிந்தால், எந்த மில்லின் எந்த லாட் என்று கண்டுபிடித்து நஷ்டஈடு கேட்கும் வழக்கம் இந்தத் தொழிலில் நெடுங்காலமாக இருக்கிறது. துணியின் குறைக்காக மில் வரை போக முடிகிறவர்களுக்கு, அங்கே இரவு ஷிப்டில் நின்ற பெண்ணின் வயதையும் கூலியையும் கேட்க முடியாதா?

வெளிநாட்டுச் சட்டங்களும் இங்கேதான் தளர்கின்றன. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டம், ஆண்டு வருமானம் 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் ஓர் அறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது. ஆனால் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை என்று எழுதினாலும் அந்தக் கடமை நிறைவேறிவிடும். 2023இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியச் சட்டம் முக்கியமாக நேரடி சப்ளையரோடு நின்றுவிடுகிறது. மறைமுக சப்ளையரிடம் மீறல் நடப்பதாக உறுதியான தகவல் கிடைத்தால்தான் அங்கே ஆய்வு செய்யும் கடமை எழுகிறது. ஹாஸ்டல் கதவு பூட்டியிருக்கும்போது அந்தத் தகவல் எப்படி வெளியே வரும்?

ஆலை நிலைமையைப் பார்க்க முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு வரும் ஆடிட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2012 செப்டம்பரில் கராச்சியில் தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்த ஆடைத் தொழிற்சாலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் சர்வதேசத் தரச்சான்று கிடைத்திருந்தது.

இதற்கு மாற்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடைத் தொழிலாளியான ஒரு தலித் பெண் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் போராடியதால், 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. உற்பத்தி நிறுவனத்தையும் அதனிடம் வாங்கும் பிராண்டுகளையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. சங்கத்தால் பயிற்றுவிக்கப்பட்ட தொழிலாளிகளே வேலையிடத்தில் கண்காணிப்பாளர்களாக இருக்க அது வழி செய்தது. தைக்கும் ஆலையோடு நூற்பாலையும் அதில் அடங்கியது என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

எல்லா மில்களும் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகச் சம்பளமும் பி.எஃப்.பும் கொடுத்து நடத்தும் முதலாளிகளை நான் அறிவேன். கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவு என்று ஆர்டர் வேறு இடத்துக்குப் போகும்போது முதலில் அடிபடுகிறவர்கள் அவர்களே. ஆகவே வாங்கும் நிறுவனங்கள் தங்களுக்கு நூல் தரும் மில்களின் பட்டியலை வெளியிட வேண்டும். குறைந்தபட்சக் கூலி கட்டுப்படியாகாத விலைக்கு ஆர்டர் போடுவதை நிறுத்த வேண்டும். பங்குச் சந்தையில் உள்ள நம் பெரிய நிறுவனங்கள் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபிக்கு ஆண்டுதோறும் தரும் அறிக்கையில் கட்டாய உழைப்புப் புகார்களின் எண்ணிக்கையைக் குறிப்பிடுகின்றன. பூஜ்யம் என்று எழுதுகிறவர்கள் அதை எந்த மில் வரை விசாரித்து எழுதினார்கள் என்றும் சொல்லட்டும்.

1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். திண்டுக்கல், திருப்பூர், ஈரோடு, கோவை, விருதுநகர் மாவட்டக் குழுக்கள் கடைசியாக எப்போது கூடின, எத்தனை நூற்பாலை ஹாஸ்டல்களை நேரில் பார்த்தன என்பதை அரசு வெளியிட வேண்டும். இந்தக் கேள்வியைத் தங்கள் செய்தியாளர்கள் அந்தந்த ஆட்சியர் அலுவலகங்களில் எழுப்ப வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பூர்.